வாசகரைத் தேடிப் போன பத்திரிகைகள்: மலாயாவில் தமிழ் ஏடுகள் வாசகர்களைச் சேர்த்த விதம்

நம் நாட்டில் தமிழில் எழுதுவோருக்குப் பஞ்சமில்லை. கவிதை, சிறுகதை, கோயில் வரலாறு, பிறந்து வளர்ந்த தோட்டத்தின் நினைவுகள் என்று பலரும் கைப்பேசியிலேயே தட்டி எழுதிப் பகிர்கிறார்கள். புலனக் குழுவில் பத்துப் பேர் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார்கள். அவர்களில் எத்தனை பேர் கடைசி வரி வரை படித்தார்கள் என்று கேட்டால், எழுதியவருக்கே பதில் தெரியாது. எழுதியதைப் படிக்க ஆள் சேர்ப்பது எப்படி என்பதே இன்று பலருடைய கேள்வி.

இந்தக் கேள்வியை நம் மூத்தவர்கள் நம்மைவிடக் கடினமான நிலையில் சந்தித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவு, தோட்டங்கள் காட்டுக்கு நடுவே, கையில் காசும் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஏடு நடத்தி, பால்மரக் காட்டு லயங்கள் வரை வாசகர்களைச் சேர்த்தார்கள். அவர்கள் செய்தது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது, இன்று எழுதுவோருக்குப் பயன்படும்.

ஒரு காசுக்கு ஒரு பத்திரிகை

இந்த வட்டாரத்தில் நமக்குப் பிரதிகள் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் ஏடுகளில் ஒன்று ‘சிங்கை நேசன்’. 1887 ஜூன் 27ஆம் நாள் சிங்கப்பூரில் தொடங்கிய வார ஏடு அது. மகுதூம் சாயபு ஆசிரியராக இருந்து நடத்தினார். மூன்று ஆண்டுகள் வந்தது. துறைமுக நகரத்து வணிகர்களையும் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களையும் நம்பிய ஏடு அது. ரப்பர் தோட்டங்கள் பெருகி, தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறியது அதற்குப் பிந்திய கதை.

1924 செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ ஏட்டைத் தொடங்கினார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1935 ஜூலை 6ஆம் நாள் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ வந்தது. அதை நடத்திய கோ. சாரங்கபாணி திருவாரூரில் பிறந்தவர். 1924இல் சிங்கப்பூருக்கு வந்து, கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தவர். முரசுக்கு முன்பே ‘முன்னேற்றம்’ என்ற இதழின் ஆசிரியராக இருந்திருக்கிறார். எனவே முரசு அவருடைய முதல் முயற்சியன்று. பத்திரிகைத் தொழிலின் நெளிவு சுளிவுகள் தெரிந்த பிறகே அதில் இறங்கினார்.

முரசின் விலை ஒரு காசு. இந்த ஒரு காசைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தோட்டத்தில் ஓர் ஆண் தொழிலாளியின் நாள்கூலியே ஐம்பது காசுக்குக் கீழே இருந்த காலம் அது. அந்தக் கூலியிலிருந்து ஐந்து காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க வேண்டுமென்றால் வீட்டில் யோசிப்பார்கள். ஒரு காசென்றால் வெற்றிலை பாக்குச் செலவோடு செலவாகப் போய்விடும். படிப்பதற்கு முன்னால் வாசகர் தாண்ட வேண்டிய முதல் படியை எவ்வளவு தாழ்வாகப் போட முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் போட்டார் சாரங்கபாணி.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. முரசு முதல் நாளிலேயே நாளிதழாக வரவில்லை. வார ஏடாகத் தொடங்கியது. வாசகர்கள் கேட்கக் கேட்கத்தான் வளர்ந்து, 1937 டிசம்பர் 1ஆம் நாள் நாளிதழானது. இடையில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். தினமும் எழுதப் போகிறேன் என்று தை மாதம் அறிவித்துவிட்டு மாசியில் காணாமல் போகும் நம் காலத்து எழுத்துப் பக்கங்களை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒன்று என்றாலும், எந்த நாள் என்பது வாசகருக்குத் தெரிந்திருந்தால் அவர் அந்த நாளில் எதிர்பார்ப்பார். ஞாயிறு பதிப்புக்கு நம் வீடுகளில் இருந்த மவுசு அப்படி வந்ததுதான்.

ஒருவர் படிக்க, லயமே கேட்க

பட்டணத்தில் பத்திரிகை விற்பது எளிது. தோட்டத்துக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரயிலிலும் பேருந்திலும் அஞ்சலிலும் வந்த கட்டு, பட்டணத்து மளிகைக் கடையில் இறங்கும். அங்கிருந்து சாமான் வாங்க வந்தவர் கையிலோ, சைக்கிளிலோ தோட்டத்துக்குள் நுழையும். தோட்டத்தில் அதை முதலில் பிரிப்பவர் பெரும்பாலும் கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். முடிவெட்டும் கடையிலும் ஒரு பிரதி கிடக்கும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பரவல். படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். விற்ற பிரதிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அக்காலப் பத்திரிகைகளின் வாசகர் பலத்தை அளந்தால் கணக்கு தவறிவிடும். ஒரு பிரதிக்குப் பின்னால் பல காதுகள் இருந்தன.

அப்படியானால் பத்திரிகை நடத்தியவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது யார்? ஒவ்வொரு தோட்டத்திலும் சத்தமாகப் படிக்கக்கூடிய ஒருவர். அவருக்குப் பத்திரிகை பிடித்துவிட்டால் தோட்டத்துக்கே பிடித்துவிட்டது என்று பொருள். அவர் மனம் கோணினால் கட்டு பிரிக்கப்படாமலே மூலையில் கிடக்கும். இன்று நாற்பது புலனக் குழுக்களுக்கு ஒரே கட்டுரையை அனுப்புகிறவர்கள் இதை யோசிக்கலாம். நாற்பது குழுக்களுக்கும் போகும், எங்கும் தங்காது. படித்துவிட்டு, “இதைப் பாருங்கள், நம்ம ஊர் விஷயம்” என்று தானாகப் பத்துப் பேருக்குச் சொல்லும் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். பள்ளி முன்னாள் மாணவர் சங்கச் செயலாளராக இருக்கலாம். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அம்மாவாக இருக்கலாம். அவரைக் கண்டுபிடித்து அவருக்குத் தனியாக அனுப்புவதற்கு ஈடு வேறில்லை.

பெயர் அச்சில் வந்தபோது

தோட்டச் செய்திகளைப் பற்றி இலக்கிய ரசனை உள்ளவர்கள் இளக்காரமாகப் பேசுவது உண்டு. இன்ன தோட்டத்துத் தீமிதி, இன்ன பள்ளியின் விளையாட்டுப் போட்டி, இன்னாருக்கு வழியனுப்பு விருந்து, நன்றி நவின்றவர் இன்னார் என்று பத்தி பத்தியாகப் போகும். படிக்கச் சலிப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தத் தோட்டத்துக்காரருக்கு அது சலிப்பாக இருக்காது. தன் தோட்டத்தின் பெயரை அச்சில் பார்ப்பது, அதிகாரி எழுதும் செக்ரோலுக்கு வெளியே தானும் ஒருவர் என்று தெரிந்துகொள்வது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பெட்டியில் வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். இந்தச் செய்திகளை எழுதி அனுப்பியவர்களும் அந்தந்த ஊர்க்காரர்களே. பத்திரிகை அவர்களுக்குக் கொடுத்தது பெயரும் மரியாதையும்.

இந்த வழியைக் குழந்தைகள் வரை கொண்டுபோனது முரசின் ‘மாணவர் மணிமன்றம்’. 1950களின் முற்பகுதியில் தொடங்கிய இந்த மாணவர் பகுதி, பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது. பிற்காலத்தில் முரசின் ஆசிரியரான வை. திருநாவுக்கரசு இந்தப் பணியில் முன்னின்றவர். ஒரு பிள்ளையின் நாலு வரிக் கவிதை பத்திரிகையில் வந்தால், அந்தப் பிரதியை வாங்குவது அப்பா; காட்டிக்கொண்டு போவது அம்மா; பள்ளியில் படித்துக் காட்டுவது ஆசிரியர். ஒரு பெயருக்கு ஒரு குடும்பமே வாசகராகிறது.

மணிமன்றம் பக்கத்தோடு நிற்கவில்லை. எழுதிய மாணவர்கள் ஊருக்கு ஊர் கூடி மன்றங்கள் அமைத்தார்கள், பேச்சுப் போட்டி வைத்தார்கள், நாடகம் போட்டார்கள். மலாயாவில் அது இளைஞர் இயக்கமாகவே வளர்ந்தது. மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்று இன்று நாம் அறியும் அமைப்பின் வேர் ஒரு பத்திரிகையின் மாணவர் பகுதியில் இருக்கிறது என்பது இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. 1950, 60களில் எழுத வந்த மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்கள் பலருக்கு இந்தப் பக்கமே முதல் பள்ளிக்கூடம்.

வாசகருக்கே வகுப்பு

தமிழ் நேசன் இன்னொரு காரியம் செய்தது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அந்த ஏட்டில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறுகதை என்றால் என்ன, எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பத்திரிகை வழியாகவே பாடம் போலச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத விரும்பியவர்கள் பயிற்சிகளை எழுதி அனுப்பினார்கள். தமிழ்நாட்டுக் கதைகளைப் பார்த்து அதே ஊர், அதே ஆறு, அதே அக்கிரகாரம் என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இந்த மண்ணைப் பற்றி எழுதும் ஒரு தலைமுறை உருவாக இந்த வகுப்பும் காரணம். பிறகு சுப. நாராயணன் தமிழ் முரசில் ‘ரசனை வகுப்பு’ நடத்தினார். எழுதக் கற்றுக்கொடுத்தது போக, படிக்கக் கற்றுக்கொடுத்தது இது.

என் பார்வையில் இந்த இரண்டு வகுப்புகளும்தான் மலாயாத் தமிழ்ப் பத்திரிகைகள் வாசகர் சேர்க்கச் செய்தவற்றில் மிகப் பெரிய காரியம். விலையைக் குறைக்கலாம், பரிசு கொடுக்கலாம், யாரையாவது திட்டி எழுதிப் பரபரப்பும் உண்டாக்கலாம். அவையெல்லாம் அன்றைக்கு விற்கும். எழுதிப் பார்த்த வாசகர் மட்டும் விட்டுப் போவதில்லை. ஒரு கதையை எழுதிப் பார்த்துத் தோற்றவருக்குத்தான் இன்னொருவர் கதையில் என்ன நடந்திருக்கிறது என்பது கண்ணில் படும். அவர் அடுத்த வாரமும் வாங்குவார்.

இதே 1950களில் தமிழ்நாட்டு எழுத்தாளர் கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் சில ஆண்டுகள் பணியாற்றினார். நல்ல கதைக்கும் நல்லதாகத் தோன்றும் கதைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் இங்குள்ள எழுத்தாளர்களிடம் தயங்காமல் பேசினார். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் தன் எழுத்தை ஒருவர் உண்மையாகவே படித்திருக்கிறார் என்பது, மொட்டைப் பாராட்டைவிட எழுதுகிறவனைக் கட்டிப்போடும்.

பரிசுகளும் இருந்தன. முருகு சுப்பிரமணியன் தமிழ் நேசன் ஆசிரியராக இருந்த காலத்தில், 1970களில், சிறுகதைகளுக்கான ‘பவுன் பரிசு’த் திட்டம் வந்தது. தங்கம் என்றதும் கதைகள் குவிந்தன என்று சொல்லத் தேவையில்லை. 1977இல் ஆதி. குமணன் தொடங்கிய ‘வானம்பாடி’ வார இதழ், புதுக்கவிதை என்றாலே முகம் சுளித்த காலத்தில் இளைஞர்களின் புதுக்கவிதைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. வேறு ஏடுகள் ஒதுக்கியவர்களைச் சேர்த்துக்கொண்டதால் அதற்கென்று ஓர் இளைஞர் கூட்டம் வந்து சேர்ந்தது.

பத்திரிகையால் ஒரு காரியம் ஆனது

தமிழ் முரசின் வாசகர்கள் அதை நம்பியதற்கு இன்னொரு காரணம், அதைக் கொண்டு காரியம் நடந்தது. 1952இல் பொங்கலை ஒட்டிச் சாதி, சமய வேறுபாடில்லாமல் எல்லாரும் கூடும் ‘தமிழர் திருநாள்’ கொண்டாட்டத்தை சாரங்கபாணி முன்னெடுத்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறை அமைந்த 1950களின் நடுவில், அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று முரசு வாதாடியது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதி திரட்டப்பட்டபோது தோட்டத் தொழிலாளர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்திராதவர்கள் அவர்கள். சிங்கப்பூரில் 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் காலம் கடத்தாமல் பதிந்துகொள்ள வேண்டும் என்று முரசு ஓயாமல் எழுதியது. அந்தப் பேச்சைக் கேட்டுப் பதிந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரர்கள்.

இப்படி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதற்கு விலையும் உண்டு. சீர்திருத்தக் கருத்துகளுக்காக முரசை வீட்டுக்குள் விடாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் நேசனை வாங்கினார்கள். இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டதில் இரண்டுக்குமே விற்பனை கூடியது என்பது வேறு கதை.

வாசகரைக் காக்க வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் முரசிடமே பாடம் இருக்கிறது. 1963இல் ஊழியர் வேலைநிறுத்தத்தால் முரசு நின்றது. திரும்பி வர ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அதற்குள் 1964இல் ‘தமிழ் மலர்’ என்ற புதிய நாளிதழ் சிங்கப்பூரில் கால் ஊன்றிவிட்டது. காலையில் பத்திரிகை படித்துப் பழகியவர் ஓராண்டு சும்மா உட்கார்ந்திருப்பாரா?

சங்கிலி அறுந்த இடம்

தமிழ் நேசன் 2019 ஜனவரி 31ஆம் நாளுடன் நின்றது. 94 ஆண்டுகள். தொடர்ந்து ஏற்பட்ட நட்டமே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. கைப்பேசி வந்ததால் பத்திரிகை போய்விட்டது என்று எல்லாரும் சொல்கிறோம். அது பாதி உண்மை.

மீதிப் பாதி தோட்டத்தில் நடந்தது. தோட்டத் துண்டாடலில் தொடங்கி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு தோட்டங்களே வீடமைப்புப் பகுதிகளாக மாறி, நம் மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிப் போனார்கள். கட்டு இறங்கிய மளிகைக் கடை இல்லை. சத்தமாகப் படித்த ஆசிரியரின் பள்ளி இடம் மாறியது அல்லது பிள்ளைகள் இல்லாமல் சுருங்கியது. வாங்கிய ஒருவரையும் கேட்ட பலரையும் சேர்த்துக் கட்டியிருந்த சங்கிலி அறுந்துவிட்டது. அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு இன்று தமிழ் கேட்க ஆசைதான். படித்துச் சொல்ல ஆளில்லை.

இன்று எழுதுகிறவர் செய்யக்கூடியவை

எழுத்துரு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது அதில் தமிழை ஏற்றிக் காட்டியவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு அஞ்சல்’ செயலியையும், பிறகு கைப்பேசிக்கான ‘செல்லினம்’ செயலியையும் உருவாக்கினார். 2005 பொங்கலின்போது செல்லினம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த குழப்பம் ஒருங்குறி வந்த பின் தீர்ந்தது.

அப்படியிருந்தும் பலர் கட்டுரையைப் படமாக்கி அனுப்புகிறார்கள். பூ வரைந்த சட்டத்துக்குள் மஞ்சள் எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் இருக்கும் தமிழை இணையத் தேடல் எளிதில் கண்டுகொள்ளாது. பத்து நாள் கழித்து ஒருவர் தன் தோட்டத்தின் பெயரைத் தேடினால் உங்கள் கட்டுரை அவருக்குக் கிடைக்காது. எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்கட்டும். ‘மறக்க முடியாத நினைவுகள்’ என்று தலைப்பிட்டால் யார் தேடுவார்? தோட்டத்தின் பெயரையும் பக்கத்துப் பட்டணத்தின் பெயரையும் போட்டால் அங்கே பிறந்தவர் எங்கிருந்தாலும் வந்து சேருவார். நம் தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் மக்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். இரண்டையும் கட்டுரைக்குள் ஓரிடத்திலாவது எழுதுங்கள். சுங்கை சிப்புட்டைச் சிலர் சுங்கை சிப்புத் என்றும் எழுதுகிறார்கள். ஒரு தடவை மாற்றி எழுதினால் குற்றமில்லை.

படித்துக் காட்டும் வழக்கத்தையும் திரும்பக் கொண்டு வரலாம். கட்டுரையோடு ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்றைச் சேர்த்து அனுப்பினால், சின்ன எழுத்து தெரியாத பெரியவர்களும், தேசியப் பள்ளியில் படித்து தமிழ் கேட்க மட்டும் தெரிந்த பிள்ளைகளும் உங்கள் வாசகர்களாவார்கள். நம் சமூகத்தில் இந்த இரு தரப்பும் சிறிய கூட்டமன்று.

பழைய பள்ளிப் படம் ஒன்றைப் போட்டு, இரண்டாம் வரிசையில் நிற்பவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். மணிமன்றம் செய்த வேலையை அந்த ஒரு கேள்வி செய்யும். வரும் பதில்களை அப்படியே விட்டுவிடாமல், எழுதியவர்களின் சம்மதத்தோடு அவர்கள் பெயரைப் போட்டு அடுத்த வாரக் கட்டுரையில் சேருங்கள். திருத்தம் சொன்னவரின் பெயரை முதலில் போடுங்கள். அவர் இனி உங்கள் நிருபர்.

பழைய ஏடுகளைப் பார்க்க விரும்புவோருக்கு: சிங்கை நேசனும் தமிழ் முரசின் பழைய பிரதிகளும் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் உள்ளன. ஐம்பதுகளின் முரசில் மாணவர் பக்கத்தைப் புரட்டினால், பெயருக்குக் கீழே பள்ளியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் அந்த வயதில் கவிதை எழுதியவர் என்றால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடுங்கள்.